ஸ்டெஃபன் கர்ரி மாதிரி ஷாட் பழக எங்கிருந்து ஆரம்பிப்பது?

பாளை_கார்டு_11:

வணக்கம். பாளையங்கோட்டையில் பிளஸ் ஒன் படிக்கிறேன். பள்ளி பேஸ்கட்பால் டீமில் கார்டு, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துகிற இடம். உயரம் 5 அடி 2 அங்குலம். அமெரிக்க வீரர் ஸ்டெஃபன் கர்ரியின் வீடியோக்களைப் பார்த்து அவருடைய ஜம்ப் ஷாட்டைப் பழகி வருகிறேன். ரிங்குக்குப் பக்கத்தில் நன்றாக விழுகிறது. த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு (அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று பாயிண்ட்) போனால் பந்து ரிங்கைத் தொடாமலே விழுந்துவிடுகிறது, அல்லது வலது பக்கம் விலகிப் போகிறது. பையன்கள் ஆடுகிற பந்துதான் எங்களுக்கும். கையில் பலம் போதவில்லையா, இல்லை அந்த ஸ்டைலே எனக்கு ஒத்துவராதா? ஆடியில் குறுவட்டப் போட்டி வேறு வருகிறது.

பழைய_பாயிண்ட்கார்டு:

தங்கச்சி, கையை விடு, முதலில் பந்தை மாற்று. பெண்களுக்கு சைஸ் 6. ஆண்களின் சைஸ் 7-ஐவிட ஏறத்தாழ 70 கிராம் எடை குறைவு, சுற்றளவும் குறைவு. ரிங் உயரம் 3.05 மீட்டர், த்ரீ பாயிண்ட் கோடு 6.75 மீட்டர், இரண்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். கனமான பந்தையே தினமும் எறிந்தால் தோளால் தள்ளுகிற பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பி.டி. டீச்சரிடம் கேட்டுப் பார்.

கர்ரியை நீ பிடித்தது நல்ல தேர்வு. அவருடைய 6 அடி 2 அங்குல உயரம், அவர் ஆடுகிற அமெரிக்க லீக்கான என்.பி.ஏ.வில் குள்ளம். மைக்கேல் ஜோர்டான் எம்பி, உச்சியில் நிதானித்து விடுவார். கர்ரி எழும்பிக்கொண்டிருக்கும்போதே விட்டுவிடுவார். முழங்கால் நிமிர்கிற வேகம் எங்கேயும் நிற்காமல் இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஏறி விரல் நுனி வழியாகப் பந்துக்குப் போகும். நம்மைப் போலக் குட்டையானவர்களுக்கு இதுதான் வசதி.

வீடியோவில் கண் கையைத்தான் பார்க்கும், நீ காலைப் பார். பந்தைப் பிடித்ததும் சற்றுத் தாழ்த்தி, முழங்காலோடு சேர்த்தே எழுப்புகிறார். கால்விரல்கள் ரிங்குக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் இடது பக்கம் திரும்பியிருக்கும், அதனால் வலது தோள் இறுகாமல் இருக்கும். நெற்றிக்கு முன்னால் பந்து ஒரு நொடி நின்றால்கூட காலின் வேகம் அங்கேயே தீர்ந்துவிடும். தூரத்திலிருந்து பந்து எட்டாமல் போவதற்கு நான் பார்க்கிற பிள்ளைகளிடம் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வலது பக்கம் விலகுவது வேறு விஷயம், உன் இடது கை தள்ளுகிறது. ராத்திரி மொட்டை மாடியில் மல்லாந்து படுத்துக்கொள். வலது கையில் பந்து, இடது கை பக்கவாட்டில் சும்மா ஒட்டியிருக்கட்டும். நேரே மேலே விடு. மணிக்கட்டு மடங்கி, பந்து ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கடைசியாகத் தொட்டுப் போக வேண்டும். திரும்ப அதே கைக்கு வந்தால் சரி. வலது காதுப் பக்கம் விழுந்தால் இடது கட்டைவிரல் வேலை செய்கிறது என்று அர்த்தம். பந்தின் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். கோடு தள்ளாடாமல் பின்னோக்கிச் சுழல வேண்டும்.

அப்புறம் பந்து போகிற உயரம். ரிங்கின் விட்டம் 45 சென்டிமீட்டர், உன் பந்து சுமார் 23. பந்து 45 டிகிரியில் இறங்கினால் அதற்குத் தெரிகிற வாய் 32 சென்டிமீட்டர். 30 டிகிரியில் இறங்கினால் 23-க்கும் கீழே, அதாவது தட்டாமல் நுழைய இடமே இல்லை. கர்ரியின் பந்து அவ்வளவு உயரம் போவது அழகுக்காக இல்லை.

மேலப்பாளையம்_அண்ணாச்சி:

பாப்பா, அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றை மறந்துவிடாதே. கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று, திறந்த கோர்ட்டில் உயரப் போன பந்தைச் சும்மா விடுமா? தாழ்வாக விட்டுப் பழகு. சிமென்ட் தரையில் ரொம்ப நேரம் குதிக்காதே, முழங்கால் போய்விடும். நல்ல ஷூ முக்கியம்.

பழைய_பாயிண்ட்கார்டு:

அண்ணாச்சி, முழங்கால் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. தாழ்வாக விடுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காற்றுக்காக ஷாட்டைக் கெடுத்துக்கொண்டால் ஐப்பசியில் காற்று நின்ற பிறகும் அது திருந்தாது. காற்று ஏறும் முன்னே காலையில் பழகட்டும். மேட்சில் காற்று அடித்தால் இரண்டடி உள்ளே போய் போர்டில் அடித்துப் போடட்டும்.

பாளை_கார்டு_11:

நன்றி அக்கா, நன்றி அண்ணாச்சி. மாடியில் செய்து பார்த்தேன், பந்து வலது காதுப் பக்கம்தான் விழுகிறது! குறுவட்டத்துக்கு முன்னால் இதையெல்லாம் மாற்றிவிடலாமா?

பழைய_பாயிண்ட்கார்டு:

மாற்றாதே. கர்ரியே சீசன் நடுவில் மாற்றவில்லை. பள்ளியில் படிக்கும்போது அவர் பந்தை இடுப்புப் பக்கத்திலிருந்து எறிவார். உயரமான ஆள் வந்தால் தடுத்துவிடுவான். அப்பா டெல் கர்ரியும் என்.பி.ஏ. ஷூட்டர்தான். ஒரு கோடை விடுமுறை முழுக்கக் கூடவே நின்று, பந்தை மேலே கொண்டுபோய் விடும்படி மாற்றினார். அந்த நாட்களில் ரிங்கை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே தன்னால் போட முடியவில்லை என்று கர்ரி சொல்லியிருக்கிறார். அந்த ஷாட்தான் 2015–16 சீசனில் 402 த்ரீ பாயிண்ட் ஷாட் போட்டது, 2021 டிசம்பரில் ரே ஆலன் என்ற வீரரின் 2,973 த்ரீ என்ற என்.பி.ஏ. சாதனையைத் தாண்டியது.

போட்டி முடியும்வரை மாடிப் பயிற்சியும், ரிங்குக்கு முன்னால் ஒற்றைக் கை ஷாட்டும் போதும். மேட்சில் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு உள்ளிருந்தே போடு, தூரத்தில் பந்து வந்தால் பாஸ் கொடு. காலாண்டுப் பரீட்சை லீவில் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போ. எந்த இடத்தில் தோள் இழுக்கிறதோ, அங்கிருந்து ஓரடி முன்னால் வந்து நின்றுகொள். சைஸ் 6 பந்து கிடைத்ததா என்று மட்டும் எழுது, இல்லையென்றால் நான் பழகிக் கொடுக்கிற பிள்ளைகளிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது.