ஹெரால்டு இன்ஜினுக்கு ஹீட் பெயின்ட்: இரண்டு முறை அடித்த அனுபவம்

கானாடுகாத்தான் | ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1967

ஐயா (தாத்தா) வாங்கிய வண்டி. மெட்ராஸில் செய்தது, 948 சிசி. அப்பச்சி (அப்பா) காலத்தில் பல வருஷம் கார் ஷெட்டிலேயே நின்றுவிட்டது. போன வருஷம்தான் திரும்ப ஓட வைத்தேன்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அதில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து மூக்கு மொத்தமும் முன்னால் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே பிளக் கழற்றலாம். அதனாலேயே அழுக்கு இன்ஜினை ஒளித்து வைக்க இடம் கிடையாது. ஒரு கல்யாணத்துக்குக் கொண்டு போனபோது பெரியவர் ஒருவர் திறந்து காட்டச் சொன்னார். ஆயிலும் செம்மண் புழுதியும் சேர்ந்து இறுகி, இன்ஜினின் உடம்பான பிளாக் எது, அதில் மாட்டிய பிராக்கெட் எது என்றே தெரியவில்லை. ஐயா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைத்து வைத்த இன்ஜின் அது. மனசு கேட்கவில்லை.

சித்திரையில் முதல் தடவை அடித்தேன். கடையில் 650 டிகிரி தாங்கும் என்று போட்ட சில்வர் ஸ்பிரே டின் இருந்தது. எவ்வளவு அதிகம் தாங்குமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து நாலு டின் வாங்கி, பிளாக், இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவர், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எல்லாவற்றுக்கும் அதையே அடித்தேன். அடியில் ரெட் ஆக்சைடு பிரைமர். பார்க்கப் பளபளவென்று இருந்தது.

மூன்றாம் நாள் மேனிஃபோல்டில் புகை. அப்புறம் முட்டை ஓடு மாதிரி கழன்று விழுந்தது. சில்வரின் முதுகில் பிரைமரும் கருகி ஒட்டிக்கொண்டு வந்தது. பிளாக்கில் நடந்தது வேறு. பெட்ரோல் பம்ப்பில் குழாய் சேரும் யூனியனில் லேசாகக் கசிவு. அந்தச் சொட்டு வழிந்த தடத்தில் பெயின்ட் கரைந்து, துணியால் ஒரு துடைப்புக்கு வெறும் இரும்பு தெரிந்தது. மற்ற இடத்திலும் நகத்தால் கீறினால் கீறல் விழுந்தது. ஒரு மாசம் ஆகியும் அது இறுகவே இல்லை.

காரணம் எனக்குப் புரிந்தது சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மான் சொல்லித்தான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய, காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத்தான் இங்கே எல்லோரும் சிக்ரி என்போம். துரு அரிப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பேர் போன இடம்.

அவர் கேட்ட முதல் கேள்வியே, "உன் பிளாக் எவ்வளவு சுடும்னு நினைக்கிறே?" ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுகிற பிளாக், சரியாக ஓடுகிற வண்டியில் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மேனிஃபோல்டுதான் 400, 500, ஏற்றத்தில் இழுத்தால் அதற்கும் மேலே போகும். 600, 650 என்று போட்ட பெயின்ட் சிலிகான் ரெசினில் செய்தது. 200 டிகிரிக்கு மேல் ஒருமுறை நன்றாகச் சுட்டால்தான் அது இறுகும். பிளாக்கில் அந்தச் சூடு ஒருநாளும் வராது. ஆகவே காலம் முழுக்கப் பச்சையாகவே கிடக்கும், பெட்ரோல் பட்டால் கரையும். மேனிஃபோல்டில் நேர்மாறு. மேலே உள்ள சிலிகான் தாங்கும், அடியில் இருக்கும் சாதாரண பிரைமர் 200 டிகிரியைத் தாண்டினால் கருகிவிடும். காலை வாரிவிட்டது அதுதான். இந்த வகைப் பெயின்ட்டை வெறும் இரும்பு மேல் நேராக அடிக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கென்றே உள்ள பிரைமர் வேண்டும்.

தை மாசம் முழுவதையும் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். பிளாக், டேப்பட் கவர், டைமிங் கவர் மூன்றுக்கும் 250 டிகிரி வரை தாங்கும் இன்ஜின் எனாமல். மேனிஃபோல்டுக்கு மட்டும் 650. கலர் என்ன என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். என் இன்ஜினில் டைனமோ பிராக்கெட்டைக் கழற்றியபோது அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய கறுப்பு அப்படியே இருந்தது. அதையே பிடித்துக்கொண்டேன்.

அடித்தது ஒரு காலை நேரம். சுத்தம் செய்தது ஒன்பது நாள். முதலில் குச்சியால் சுரண்டி, டீசல் தொட்டு வயர் பிரஷ். பிறகு சோப்புத் தூள் கரைத்த வெந்நீர். பிறகு எமரி. கடைசியில் தின்னர் நனைத்த பனியன் துணி, ஒரு துணியை இரண்டு முறை திருப்பியதும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் துணி. டீசல் போட்டதோடு சுத்தமாகிவிட்டது என்று நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். டீசலே ஒரு எண்ணெய்தான். "எண்ணெய் இறங்குன சுவத்துல சுண்ணாம்பு நிக்குமா?" என்றார் அம்மான்.

சோதிக்க அவர் சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு சொம்பு தண்ணீரை இரும்பு மேல் ஊற்றிப் பாருங்கள். தாமரை இலையில் நிற்பது போல முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இன்னும் இருக்கிறது. ஈரத்துணி விரித்த மாதிரி ஒரே படலமாகப் படர்ந்தால் சுத்தம். என் பிளாக்கில் ஆயில் ஃபில்டர் பக்கம் மட்டும் நாலு முறை முத்து கட்டியது. ஒன்று கவனியுங்கள், சுத்தமான வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் பத்து நிமிஷத்தில் செம்மை ஏறும். ஊற்றிய கையோடு கம்ப்ரஸர் காற்றில் உலர்த்தி, தின்னரில் ஒரு துடைப்புக் கொடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் டேப்பட் கவரைக் கெடுத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட், விட்டுவிட்டால் ஏழு நாள் கழித்து என்று டின்னிலேயே எழுதியிருந்தது. இரண்டாவது கோட் முடிந்ததும் தேவகோட்டையிலிருந்து அயித்தை வந்துவிட்டார்கள். சாப்பிட்டு, பேசி, மூன்று மணி நேரம் கழித்துப் போய் மூன்றாவது கோட் அடித்தேன். கண் முன்னாலேயே சுருங்கியது. ஆறின பாலில் ஆடை சுருங்குமே, அதே மாதிரி ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மூடி முழுக்க ஓடியது. மறுபடி சுரண்டல்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

தேவகோட்டை | அம்பாசிடர் மார்க் 2

அண்ணே, பிளாக் பச்சையாவே கிடக்கும்னு எழுதுனீங்களே, அதேதான் எனக்கும். பெயின்ட்டைக் குறை சொல்லிக்கிட்டே இருந்தேன், இப்பத்தான் புரியுது.

என் பங்குக்கு ரெண்டு விஷயம். பெயின்ட் அடிச்சு எல்லாத்தையும் மாட்டிட்டு சாவியத் திருப்புனா ஸ்டார்ட்டர் முனகுது, சுத்த மாட்டேங்குது. பேட்டரி மாத்தினேன், ஸ்டார்ட்டரக் கழட்டி காயில் கட்டுறவருகிட்ட கொடுத்தேன். அவரு, "இதுல ஒண்ணும் இல்ல தம்பி, எர்த் பட்டைய எங்க மாட்டுனே?"ன்னாரு. இன்ஜினையும் பாடியையும் சேத்து கரண்டுக்கு வழி விடுற பட்டை அது. அது உக்கார்ற இடத்துல மூணு கோட் பெயின்ட்! அம்பது பைசா அளவுக்குச் சுரண்டி மாட்டுனதும் ஒரே திருப்புல எடுத்துருச்சு. அந்த இடத்துலயும் ஆயில் பிரஷர் சென்ஸர் மாட்டுற இடத்துலயும் முதல்லயே டேப் ஒட்டிருங்க.

ரெண்டாவது, இன்ஜின் நம்பர். ஆர்.சி. புதுப்பிக்கப் போறப்ப பேப்பர வச்சு பென்சில் அச்சு எடுப்பாங்க. கெட்டியா பெயின்ட் ஏறியிருந்தா எழுத்து விழாது. நம்பர் மேல டேப் ஒட்டிட்டு, கடைசியா டேப்ப எடுத்துட்டு ஒரே ஒரு லேசான கோட் காட்டுங்க, போதும்.

*

காரைக்குடி | முப்பது வருசமா பெயின்டர்

தம்பிமார்களுக்கு வணக்கம். நம்ம ஊரு வெயில மறந்துட்டு டின்னுல உள்ளத மட்டும் படிச்சா பத்தாது. சித்திரை, வைகாசியில பத்து மணிக்கு மேல அடிக்காதீங்க. இரும்பு கை வைக்க முடியாம கொதிக்கும், பெயின்ட் போய் ஒட்டுறதுக்குள்ள காத்துலயே காஞ்சு தூளா உக்காரும். தடவுனா உப்புத்தாள் மாதிரி இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்துல பளபளப்புச் செத்து வெள்ளை பூத்துரும். தையும் மாசியும்தான் தோது. காலையில ஏழு மணிக்கு ஷெட்டுத் தரையில தண்ணி தெளிச்சு செம்மண் தூசிய அடக்கிட்டு ஆரம்பிங்க.

ஒரு சாண் தூரம், கை நிக்காம ஓடணும். ஸ்பிரேயை இரும்புக்கு வெளியில ஆரம்பிச்சு வெளியிலயே முடிக்கணும். முதல் கோட்டுல அடியில இருக்க இரும்பு தெரியணும், மூடணும்னு ஆசைப்பட்டா வழிஞ்சிரும். டின்ன வண்டிக்குள்ள வச்சுட்டு வெயில்ல நிறுத்திராதீங்க. 50 டிகிரிக்கு மேல ஆகக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு, கண்ணாடி ஏத்துன கார் சித்திரையில அதத் தாண்டிரும்.

*

கானாடுகாத்தான் | ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1967

ரொம்ப நன்றி அண்ணே. தரையில் தண்ணீர் தெளிக்கிறது எனக்குத் தோன்றவே இல்லை.

மேனிஃபோல்டை எப்படிச் சுட வைத்தேன் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். சமையல் அவனில் வைக்காதீர்கள், அந்தப் புகை சாப்பாட்டோடு சேரக் கூடாது. நான் வண்டியில் மாட்டி, இன்ஜினை வைத்தே சுட்டேன். முதலில் ஸ்லோவில் பத்து நிமிஷம், நிறுத்தி முழுக்க ஆறவிட்டேன். அடுத்து இருபது நிமிஷம், மறுபடி ஆறவிட்டேன். மூன்றாவது முறை பள்ளத்தூர் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். ஷெட் கதவை அகலத் திறந்து வையுங்கள். முதல் இரண்டு முறையும் லேசாகப் புகையும், நாற்றமும் வரும். அது பெயின்ட் இறுகுகிற புகை, பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அதுவரை மேனிஃபோல்டில் கை படக் கூடாது. நான் போல்ட் முறுக்கியபோது பட்ட கட்டைவிரல் ரேகை மூன்றாவது போர்ட் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது.

அடித்து ஏழு மாசம் ஆகிறது. நேற்று பம்ப் யூனியனில் மறுபடி ஒரு சொட்டு. துடைத்துப் பார்த்தேன், துணியில் கறுப்பு வரவில்லை.