பட்டுப்புடவை அறைக்கு டீஹியூமிடிஃபையர் (காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் மெஷின்), எது வாங்கலாம்?

வணக்கம். கும்பகோணம் பக்கம் திருபுவனத்தில் இருக்கிறோம். தறியிலிருந்து வரும் பட்டுப்புடவைகளை அடுக்கி வைக்கிற பின்னறைக்கு ஒரே ஜன்னல். ஐப்பசி பிறந்தால் சுவரில் உப்புப் பூத்துவிடும், பீரோவைத் திறந்தாலே பூஞ்சை வாடை. ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை.

கைக்கு அடக்கமாக வரும் பெல்டியர் வகை (கம்ப்ரசர் இல்லாமல் சின்ன மின்தகட்டால் குளிர்விப்பது) இந்த ஈரத்துக்குக் காணாது, அது வேண்டாம். நம்ம ஊர் வெக்கைக்கு கம்ப்ரசர் வகைதான் சரி என்கிறார் ஏசி மெக்கானிக். என் குழப்பம் லிட்டர் கணக்கில்தான்: பெட்டியில் ஒரு நாளைக்கு 12 லிட்டர், 20 லிட்டர் என்று போடுவது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்தது, 55 சதவீதத்துக்கு வந்தபிறகு அவ்வளவு தண்ணீர் எடுக்காதே, அப்போ 10க்கு 12 அடி அறைக்கு எந்த அளவு பார்ப்பது?

தொட்டி நிரம்பினால் மெஷின் நின்றுவிடும், ராத்திரி யார் எழுந்து கொட்டுவது, அதனால் குழாய் மாட்டி முற்றத்துக்கு விட்டவர்கள் இருக்கிறீர்களா? கரண்ட் போய் வந்தால் தானாக ஓடும் மாடல் எது? (மழை என்றாலே இங்கே கரண்ட் போய்விடும்.)

அப்புறம், தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்தை நிறுத்தாமல் மெஷின் வாங்குவது தண்டம் என்கிறார் கொத்தனார். எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஆனால் பூச்சு வேலை தை மாதத்துக்கு முன் நடக்காது. வைத்திருப்பவர்கள் மாடலோடு கரண்ட் பில்லையும் சொல்லுங்கள்.