ஆனையிறவு புல்டோசரைப் பாத்த பிள்ளைக்கு இஞ்ச என்னத்தைக் காட்டுறது?

இணுவிலான்:
கனடாவில இருந்து அக்கான்ர மகன் லீவுக்கு வந்து நிக்கிறான். ஏ9 றோட்டால வரேக்க கிளிநொச்சியில ஆமியின்ர வெற்றித்தூபி, ஷெல் குத்தி வெடிச்ச கொங்கிறீற் கட்டி, மேல தாமரைப்பூ, பிறகு ஆனையிறவில ஹசலக காமினி எண்ட ஆமிக்காரன் செத்துத் தடுத்த புலிகளின்ர புல்டோசர், இலங்கைப் படத்தைத் தாங்கின கையள் எல்லாம் பாத்துக்கொண்டு வந்தவன், தெற்கில இருந்து பஸ் பஸ்ஸா வந்து செல்ஃபி எடுக்கிற சனத்தையும் கண்டவன். இஞ்ச யாழ்ப்பாணத்து லைப்ரரியைக் காட்டினா "எரிஞ்சதெண்டு சொன்னியள், புதுசாவெல்லோ கிடக்கு மாமா" எண்டுறான். 1981இல 97 ஆயிரம் புத்தகம் போனதெண்டு நான் சொல்லச் சொல்ல ஃபோனை நோண்டுறான். ஒரு சுவரையாவது கரியோட விட்டிருக்கலாமெண்டுதான் எனக்கு நினைப்பு. எங்கட பக்கக் கதையைக் காட்ட என்னதான் இருக்கு?

கொக்குவில் ராசன்:
கரிச்சுவரை வச்சிருந்தா ஏ/எல் பெடியள் எங்க இருந்து படிக்கிறதாம்? லைப்ரரியை விடுங்கோ. கோப்பாய்க்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. செத்த புலிப் போராளிகளைப் புதைச்ச துயிலுமில்லத்தை இடிச்சு அதுக்கு மேல ஆமி காம்ப் போட்டிருக்கு, பாக்க ஒண்டுமில்லைத்தான். ஆனா நவம்பர் 27, மாவீரர் நாள் பின்னேரம் காம்புக்கு முன்னால இருக்கிற காணியில தாய்மார் விளக்கோட வந்து நிப்பினம். கல்லு இல்லாட்டியும் சனத்துக்கு இடம் தெரியும்.

கம்பஸ்காரி:
2009 கடைசிச் சண்டையில செத்த சனத்துக்கு எங்கட யாழ்ப்பாணக் கம்பஸில வச்ச முள்ளிவாய்க்கால் தூபியை ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல? 2021 ஜனவரி 8 ராத்திரி இடிச்சாங்கள், பெடியள் வாசல்ல உண்ணாவிரதம், 11ஆம் திகதி வடக்கு கிழக்கு முழுக்கக் கடையடைப்பு, அண்டைக்கே துணைவேந்தர் வந்து அடிக்கல் வச்சவர், ஏப்ரலில திறந்தாச்சு. உண்மையைச் சொன்னா, இடிக்கமுதல் வெளியில கனபேருக்கு அப்பிடியொண்டு இருக்கெண்டே தெரியாது. இடிச்சவைதான் விளம்பரம் குடுத்தது 😏

சோனகதெருவான்:
எல்லாரும் "எங்கட பக்கம்" எண்டுறியள், சரி. 1990 ஒக்டோபர் 30 யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை ரெண்டு மணித்தியாலத்தில வெளிக்கிடச் சொல்லி புலிகள் அனுப்பினது எந்தக் கதையில வருது? காசு நகையெல்லாம் பறிச்சுத்தான் விட்டவை. சோனகதெருவில ஓடும் கதவுநிலையும் கழட்டின வீடுகள், உள்ளுக்க மரம் முளைச்சு, கனகாலம் அப்பிடியே நிண்டது. அதுக்குப் பக்கத்தால சைக்கிளில போய்வந்த ஆக்களுக்கு அது நினைவிடமாத் தெரியேல்லைப் போல. புல்டோசரில எங்களைக் காணேல்ல எண்டு நீங்கள் சொல்லுறது ஞாயம்தான், ஆனா உங்கட விளக்கு வெளிச்சத்தில எங்களையும் காணேல்லயே.

கொக்குவில் ராசன்:
@சோனகதெருவான் அண்ணை, இதுக்கு மறுத்துக் கதைக்க என்னட்ட ஒண்டுமில்லை.

இணுவிலான்:
அப்ப முதல்ல சோனகதெருவுக்கே கூட்டிக்கொண்டு வாறன். அண்ணை, நீங்கள் அங்க நிக்கிறியளெண்டா இன்பொக்ஸில சொல்லுங்கோ. நான் சொல்லுறதிலும் பாக்க உங்கட வாயால கேட்டா பெடியனுக்கு விளங்கும்.

மானிப்பாய் ரீச்சர்:
அப்பிடியே நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்துக்கும் போட்டு வாங்கோ. 1995 ஜூலை 9, இடம்பெயர்ந்து வந்து இருந்த சனத்துக்கு மேல விமானப்படை குண்டு போட்டது, நூறு பேருக்கு மேல செத்தவை. ஃபோனை பொக்கெற்றுக்க வைக்கச் சொல்லிப்போட்டு உள்ளுக்க விடுங்கோ.