ஈசிஆர் மணலில் நீச்சல் குளம்: காங்கிரீட்டா, ஃபைபரா?

மணல்வீடு:
சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்), உத்தண்டியில் வீட்டுக் கொல்லையில் 24க்கு 12 அடியில், 4 அடி ஆழத்துக்கு நீச்சல் குளம் போட நினைக்கிறோம். கார்த்திகை மழையில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். மேஸ்திரி காங்கிரீட் என்கிறார், மச்சான் ஒரே துண்டாகச் செய்து வரும் ஃபைபர் தொட்டி என்கிறார். எதை நம்புவது?

கம்பிகட்டு:
காங்கிரீட்தான் சார், யோசிக்கவே வேண்டாம். இந்த அளவு ஃபைபர் தொட்டியின் எடை ஏறக்குறைய ஒரு டன். குளத்தின் அடித்தளத்துக்கு மேல் இரண்டடி நிலத்தடி நீர் நின்றால், அது மேல்நோக்கித் தள்ளும் விசை 16 டன். கழுவுவதற்காகக் காலி செய்த அன்றே தொட்டி கிளம்பிவிடும்.

நீலத்தொட்டி:
ஏன் காலி செய்ய வேண்டும்? நான்கு வருடமாக ஃபைபர்தான் வைத்திருக்கிறேன், ஒருமுறைகூட இறைத்ததில்லை. வழவழப்பான பரப்பு என்பதால் பாசி ஒட்டாது, லேசாகத் தேய்த்தால் போதும். பழைய வீட்டில் காங்கிரீட் குளம் இருந்தது. மூன்றாம் வருடமே டைல்ஸைத் தட்டினால் பொள்ளல் சத்தம். ஒரு டைல் விளிம்பு பெயர்ந்து மகளின் குதிகாலைக் கிழித்துவிட்டது. உடைத்துப் பார்த்தால் உள்ளே கம்பி துருவேறி உப்பிக் கிடந்தது.

கம்பிகட்டு:
அது காங்கிரீட்டின் குற்றம் இல்லை, கவர் பிளாக் (கம்பியை ஓரத்தில் ஒட்டாமல் விலக்கிப் பிடிக்கும் சிறு கட்டை) வைக்காமல் கம்பி கட்டியவரின் குற்றம். உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் கம்பிக்கு 50 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட் கனம் வேண்டும், கலவையின் வலிமைத் தரம் எம்30க்குக் குறையக் கூடாது. 28 நாள் நனைக்கவும் பொறுமை வேண்டும். அப்புறம், 12 அடி அகலத் தொட்டியை ஈ.பி. கம்பிகளுக்கு நடுவே எப்படி இறக்குவீர்கள்?

நீலத்தொட்டி:
கிரேன் நுழையாத தெருவில் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காங்கிரீட் மிதக்காது என்று யாரும் நம்பிவிடக் கூடாது. 8 அங்குலக் கனத்தில் போட்டால் உங்கள் குளம் 25 டன் இருக்குமா? தண்ணீர் தரைமட்டம் வரை ஏறினால் தள்ளுவது 32 டன்னுக்கு மேல். காலிக் குளம் எதுவானாலும் ஆபத்துதான்.

மணல்வீடு:
குழிக்குள் பிளாஸ்டிக் போல விரிக்கும் வினைல் விரிப்பு?

கம்பிகட்டு:
இந்த மண்ணுக்கு வேண்டாம். ஊற்று பின்னாலிருந்து தள்ளினால் விரிப்பு உப்பிச் சுருங்கிவிடும். பத்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். நீலத்தொட்டி சொன்ன 32 டன் சரிதான், அதனால்தான் அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே ஒன்றரை அடி நீட்டிப் போடச் சொல்வேன். அதன்மேல் ஏறும் மண்ணின் எடை குளத்தை அழுத்திப் பிடிக்கும். அடியில் பிரஷர் ரிலீஃப் வால்வும் கட்டாயம், அழுத்தம் ஏறினால் அது திறந்து நிலத்தடி நீரைக் குளத்துக்குள் விட்டுவிடும்.

நீலத்தொட்டி:
ஃபைபருக்கும் அதே வால்வு உண்டு. எதைப் போட்டாலும் குளத்தோரம் ஆறு அங்குல பிவிசி குழாயில் துளையிட்டு, சுற்றிலும் ஜல்லி கொட்டி, அடிமட்டத்துக்குக் கீழே வரை இறக்குங்கள். எட்டிப் பார்த்தால் நீர்மட்டம் தெரியும், தேவைப்பட்டால் அங்கிருந்தே மோட்டார் வைத்து இறைக்கலாம்.

மணல்வீடு:
குழாயை இந்த வாரமே இறக்குகிறேன். கிரேன் திரும்ப வேண்டுமென்றால் வாசல் மாமரத்தை வெட்ட வேண்டும், அதற்கு அம்மா சம்மதிக்க மாட்டார். அப்படியானால் காங்கிரீட்தான். வைகாசியில் தண்ணீர் இறங்கியதும் தோண்டுகிறோம். கம்பிகட்டு சார், கம்பி கட்டும் அன்று படம் போடுகிறேன், கவர் பிளாக்கை எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.