பெல்ட் மணியை நிறுத்தினால் என்ன தப்பு?

பாரவண்டி:
தோட்டத்துக்குள் பிக்கப்பில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை ஏறி இறங்குகிறேன். சீட் பெல்ட் போடாமல் இருபதடி நகர்த்துவதற்குள் எச்சரிக்கை மணி டிங் டிங் என்று உயிரை வாங்குகிறது. பக்கத்து சீட்டில் டூல் பாக்ஸை வைத்தால் அதையும் ஆள் என்று எண்ணிக் கத்துகிறது. பெல்ட் பூட்டில் சொருகும் டம்மி கிளிப்பைப் போட்டேன், நிம்மதி. என் வண்டி, என் உயிர், இதில் மற்றவர்களுக்கு என்ன வந்தது?

மின்கம்பி:
தம்பி, முதலில் அந்தக் கிளிப்பைக் கழற்றுங்கள். பூட்டுக்குள் இருக்கும் சுவிட்ச் மணிக்கு மட்டுமானதல்ல. பல வண்டிகளில் ஏர்பேக் கம்ப்யூட்டரும் அதைப் பார்த்துத்தான் எவ்வளவு பலமான மோதலில் பையை விரிப்பது என்று முடிவெடுக்கிறது. பெல்ட் போட்டிருக்கிறீர்கள் என்று நம்பி அது சும்மா இருந்துவிட்டால், நெஞ்சு ஸ்டியரிங்கில்தான் போய் இடிக்கும்.

பாரவண்டி:
இது எனக்குத் தெரியாது அண்ணே, கழற்றிவிட்டேன். ஆனாலும் மணி வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. அமெரிக்காவில் பெல்ட் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று 1974 மாடல் கார்களில் வைத்தார்கள், ஜனங்கள் கொதித்துப்போய் அதே வருடம் நாடாளுமன்றமே அந்தக் கட்டாயத்தை எடுத்தது, அரசு கட்டாயப்படுத்தும் மணிக்கும் 8 விநாடிதான் என்று வரம்பு வைத்தது. அதற்கு மேல் கத்த வைத்தது கம்பெனிகள் பின்னாளில் தாங்களாகச் செய்த வேலை. மணி ஸ்பீக்கரின் ஒயரையே வெட்டிவிடலாமா?

பழைய லாந்தர்:
வெட்டவே வெட்டாதீர்கள். ஆயில் பிரஷர் இறங்கினாலும், கதவு சரியாகச் சாத்தாவிட்டாலும் அதே ஸ்பீக்கர்தான் கத்த வேண்டும். சில வண்டிகளில் மணிச் சத்தம் ரேடியோ வழியாக வருகிறது, அது தெரியாமல் நான் ரேடியோவை மாற்றினேன். ஒருநாள் ஹெட்லைட்டை அணைக்காமல் இறங்கியிருக்கிறேன், ஒரு சத்தமும் இல்லை, விடிந்து பார்த்தால் பேட்டரி செத்துக் கிடந்தது. அப்புறம் டேஷ்போர்டைப் பிரித்தபோது, ரேடியோ ஒயரை இணைக்க அதன் தோலைக் கடித்துப் பிடிக்கும் கிளிப் ஒன்றைப் போட்டிருந்தேன், அதற்குள் ஈரம் இறங்கிச் செம்பு பச்சை பூத்திருந்தது, தொட்டதும் உதிர்ந்தது.

மின்கம்பி:
நிறுத்தியே தீருவேன் என்றால் மென்பொருளில் அந்த ஒரு மணியை மட்டும் அணையுங்கள். ஃபோர்டு வண்டிகளுக்கு ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் இருக்கிறது, ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கோளாறு பார்க்கும் சாக்கெட்) அடாப்டர் மாட்டி உள்ளே போகலாம். பழைய மதிப்புகளைச் சேமித்த பிறகுதான் எதையும் மாற்ற வேண்டும். பேட்டரிக்குச் சார்ஜர் கொடுத்தபடியே செய்யுங்கள், எழுதும்போது வோல்டேஜ் படுத்தால் மாட்யூலே, அதாவது வண்டியின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரே போய்விடும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள், அது ஏர்பேக் லைன். இவ்வளவும் சொல்கிறேனே தவிர, பெல்ட் மணியை நான் அணைக்க மாட்டேன். கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறும்போது உங்களுக்கு நினைவூட்ட வேறு யார் இருக்கிறார்கள்?

பாரவண்டி:
கேட்டைச் சாத்த இறங்கித்தான் ஆக வேண்டும், திரும்ப ஏறியதும் பெல்ட்டைப் போட்ட பிறகுதான் கியரைத் தொடுவேன், பல வருடப் பழக்கம் அது. டூல் பாக்ஸ் இனிமேல் பின்னால் போகட்டும். டிரைவர் பக்க மணியை மட்டும் மென்பொருளில் அணைக்கிறேன்.