இரும்பு ஃபிரேம் எம்டிபி எடுத்த அனுபவம்: நம்ம பக்கம் ஓட்டுகிறவர்கள் எழுதுங்க

சென்னிமலை:

இரும்பு ஃபிரேம் எம்டிபி, அதாவது மலைச் சைக்கிள், எடுத்து இரண்டரை வருடம் ஆகிறது. எடுக்கும் முன்னால் விசாரிக்க ஆளில்லாமல் ஈரோட்டுக்கும் கோயமுத்தூருக்கும் நாலு மாதம் அலைந்தேன். இப்போது நம்ம பக்கமே நாலைந்து பேர் அதே யோசனையில் இருக்கிறார்கள். அதனால் என் கதையை முதலில் எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்க.

நான் ஓட்டுகிற தரையைச் சொன்னால்தான் மற்றது புரியும். வாசலை விட்டு இறங்கினால் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் டிராக்டர் சக்கரம் அறுத்த இரண்டு பள்ளம், பள்ளங்களுக்கு இடையில் புல் மேடு. அது போய்ச் சேருவது கீழ்பவானி வாய்க்கால் கரையில். பவானிசாகரில் புறப்பட்டுச் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால். செம்மண்ணும் சரளையுமான கரை, காலையில் போனால் ஒரு லாரிகூட எதிரே வராது. என் ஓட்டத்தில் தார் ரோடு பாதிகூட இல்லை.

முன்பு வைத்திருந்தது முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த வண்டி. பார்க்கக் கம்பீரமாக இருந்தது, அதற்காகத்தான் வாங்கினேன். தூக்கி நிறுத்தினால் 18 கிலோ. ஆறே மாதத்தில் பின் ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் புஷ் என்கிற வளையம் தேய்ந்து, மேட்டில் மிதிக்கும்போதெல்லாம் பின்பக்கம் இடதும் வலதுமாக அசைய ஆரம்பித்தது. அந்த அளவில் புஷ் எங்கேயும் கிடைக்கவில்லை. வண்டி இன்னும் மாட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது.

அடுத்தது இரும்புதான் என்று முடிவு செய்து கடைகளில் கேட்டேன். இரண்டு இடத்தில் ஒரே பதில்: "இரும்பா? அது பால்காரர் வண்டிங்க. எம்டிபின்னா அலாய்தானுங்க." அலாய் என்று அவர்கள் சொல்வது அலுமினிய ஃபிரேமை. எங்கள் அப்பாரு ஹெர்குலிஸில்தான் முப்பது வருடம் பால் கேன் கட்டிப் போனார், அந்த வண்டி இன்றும் சாளையில் ஓடுகிற நிலையில் இருக்கிறது. அதனால் அந்தப் பதில் என்னைத் தடுக்கவில்லை. ஆனால் கடைக்காரர் சொன்னதில் ஒரு தவறு உண்டு, அதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. மலைச் சைக்கிள் பிறந்ததே இரும்பில்தான். கலிபோர்னியாவில் மலையிறக்கப் பாதைகளில் ஷ்வின் கம்பெனியின் பழைய சைக்கிள்களை ஓட்டி உடைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ், 1977-இல் அந்த வேலைக்கென்றே ஒரு ஃபிரேம் செய்தார். அது குரோமோலி என்ற இரும்புக் கலவைக் குழாய். அலுமினியம் பரவலானது அதற்குப் பல வருடம் கழித்துத்தான்.

எல்லா இரும்பும் ஒன்றில்லை என்பதுதான் விஷயம். பால்காரர் வண்டி ரகத்திலும் விலை குறைந்த எம்டிபிகளிலும் வருவதை ஹை-டென் என்பார்கள். சாதாரண இரும்பு, பலத்துக்காகக் குழாயைத் தடிமனாகவே விட வேண்டியிருக்கும், அதனால் கனம். குரோமோலி என்பது 4130 என்ற எண்ணில் வரும் கலவை. குரோமியம் கிட்டத்தட்ட ஒரு சதவீதம், மாலிப்டினம் அதிலும் ஐந்தில் ஒரு பங்குதான். அந்தக் கொஞ்சத்துக்கே இரும்பின் பலம் கூடிவிடும், மெல்லிய குழாய் போதும். நல்ல ஃபிரேமில் குழாயின் இரு முனையும் தடிமனாகவும் நடுப்பகுதி மெலிதாகவும் இழுத்திருப்பார்கள். வெல்டிங் சூடு படுவதும் அடி வாங்குவதும் முனைகள்தானே.

இதை எனக்குக் கையில் பிடித்துக் காட்டியவர் வடவள்ளியில் ஒரு பெரியவர். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போகப்போகிறார், வண்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். நான் போனதும் முதலில் ஃபிரேமில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத்தான் படித்தேன். அவர், "ஸ்டிக்கரை யார் வேணும்னாலும் ஒட்டலாங்க தம்பி, இப்படி வாங்க" என்று அலன் சாவியால் கிளாம்பைத் தளர்த்தி, சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட்டை ஃபிரேம் குழாயிலிருந்து முழுசாக உருவிவிட்டார். துணியால் கிரீஸைத் துடைத்து அடிப்பக்கத்தைக் காட்டினார். ஊசிமுனை எழுத்தில் 27.2 என்று பொறித்திருந்தது.

"குழாய் வெளியளவு 28.6. உள்ளே போறது 27.2. வித்தியாசத்தைப் பாதியாக்குங்க."

0.7 மில்லிமீட்டர். குழாயின் சுவர் அவ்வளவுதான். அதே வெளியளவுக் குழாயில் 25.4 போஸ்ட் வந்தால் சுவர் 1.6, அதாவது இரட்டிப்புக்கும் மேல். ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் அது பெரும்பாலும் ஹை-டென்னாகத்தான் இருக்கும். பெரிய அளவுக் குழாய் போட்ட புது ஃபிரேம்களுக்கு இந்தக் கணக்கு நேராகப் பொருந்தாது, வெளியளவை வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். காந்தம் வைத்துப் பார்ப்பதால் அலுமினியமா இரும்பா என்றுதான் தெரியும், எந்த இரும்பு என்று தெரியாது.

அப்புறம் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் கீழ்க்குழாயில் ஹேண்டில்பார் பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். முதலில் டொக், டொக். ஒரு சாண் தாண்டியதும் சத்தம் மாறி டிங் என்றது. நடுவில் நெடுக அப்படியே போய், பெடல் பக்கம் வந்ததும் மறுபடி டொக். நானே இரண்டு முறை தட்டிப் பார்த்தேன். விலை பேசாமல் அவர் சொன்னதைக் கொடுத்து எடுத்து வந்தேன்.

முன்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத இரும்பு ஃபோர்க். அது பற்றி எனக்குப் பயம் இருந்தது. விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க் தனியாகவே இரண்டரை கிலோ வரும், இது அதில் பாதிகூட இல்லை. சரளையில் கை நடுங்காதா என்றால், 2.2 அங்குல டயரில் காற்றை 28 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு இறக்கியதும் நடுக்கம் போய்விட்டது. இரும்பு தானாகவே மெத்தென்று ஓடும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. மெத்தென்று இருப்பது டயர். அதனால் எடுக்கும்போது பின் சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் இடையில் அகல டயருக்கு இடம் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்க.

கணபதி, கோவை:

அண்ணா, எழுதியதற்கு நன்றி. நான் லேத் பட்டறையில் ஆர்கான் வெல்டிங் பார்க்கிறவன். எங்களிடம் சைக்கிள் ஃபிரேம் மாதத்துக்கு ஒன்றாவது வரும், அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

என்னுடையதே போன வருடம் விரிசல் விட்டது. பெடல் பக்கத்திலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் வலதுபுறக் குழாயில், சேறு துடைக்கும்போது பெயின்ட்டில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. கீறல் என்று விட்டிருப்பேன், ஆனால் கோட்டின் ஓரத்தில் துரு கசிந்திருந்தது. பெயின்ட்டைச் சுரண்டினால் இரண்டு சென்டிமீட்டருக்கு விரிசல். இரும்பில் எனக்குப் பிடித்ததே இதுதான். முறிவதற்கு முன்னால் பெரும்பாலும் இப்படி ஒரு அடையாளம் காட்டும், கவனித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். விரிசலின் இரு முனையிலும் சின்னதாக ஓட்டை போட்டேன், அப்போதுதான் மேற்கொண்டு ஓடாது. பிறகு குறைந்த ஆம்பியரில் விட்டு விட்டுப் பற்றவைத்து, மேலே மெல்லிய தகடு ஒன்றும் வைத்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க மருதமலைப் பக்கம் ஓட்டிவிட்டேன், கோடு திரும்ப வரவில்லை.

ஆனால் தெருமுனையில் கேட் அடிக்கிற கடையில் மட்டும் கொடுத்துவிடாதீங்க. அண்ணன் சொன்ன அந்த 0.7 மில்லிமீட்டர் சுவரில் ஆர்க் வெல்டிங் ராடை வைத்தால் ஒரே நொடியில் பெரிய ஓட்டை விழும். ஆர்கான் இல்லையென்றால் கேஸில் பித்தளை வைத்துப் பற்றவைக்கிற பழைய ஆள் யாரையாவது தேடுங்க, பழைய சைக்கிள் ஃபிரேம்கள் அப்படித்தான் கட்டப்பட்டன. அலுமினியத்தையும் நாங்கள் பற்றவைப்போம், ஆனால் சைக்கிளுக்கு வரும் 6061 ரகத்தில் வெல்டிங் சூடு பட்ட இடம் பலம் இழந்துவிடும். முழு ஃபிரேமையும் திரும்பச் சூளையில் வைத்துப் பதப்படுத்தினால்தான் பழைய பலம் வரும். அதை யார் செய்வார்? அதனால் அலுமினிய ஃபிரேம் வந்தால் கஷ்டமாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். ஓட்டுகிறவர் கழுத்து முக்கியம்.

இன்னொன்று, பின் கியர் தொங்குகிற காது. கூட வந்த நண்பர் விழுந்து அவருடையது உள்ளே வளைந்தது. ஃபிரேமோடு சேர்ந்த இரும்புக் காது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர் வாங்கி மெதுவாக நிமிர்த்தினோம், சங்கிலி போக்ஸ் கம்பியில் உரசாமல் வீடு வந்து சேர்ந்தார். அலாய் வண்டியில் அதைக் கழற்றி மாற்றலாம், ஆனால் அந்த மாடலுக்குரிய காது கிடைக்கப் பத்து நாள் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தாராபுரம்:

கணபதி அண்ணன் ஊர் மாதிரி எங்களுக்குச் சாரல் கிடையாது, கொறங்காட்டு வெயில்தான், துரு பிடிக்காது என்று தைரியமாக இருந்தேன். சீட் போஸ்ட்டை ஒன்றரை வருடம் கழற்றவே இல்லை. அலுமினிய போஸ்ட், இரும்புக் குழாய், நடுவில் என் வியர்வை. தம்பி ஓட்டுவதற்கு உயரம் மாற்றலாம் என்று பார்த்தால் அசையவே இல்லை. கடையில் கேஸ் விளக்கு வைத்துச் சூடாக்கலாம் என்றார்கள். என் மாமா மில்லில் ஃபிட்டர், வேண்டாம் அம்மணி என்று தடுத்தார். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட இரண்டு பங்கு விரியும், இன்னும் இறுகத்தான் செய்யும் என்றார். இரண்டு நாள் துரு எடுக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். மூன்றாம் நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி போஸ்ட்டைச் சுற்றிக் கட்டிக் காத்திருந்து, சீட்டைப் பிடித்துத் திருகினோம். கிறீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் வந்துவிட்டது. உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உருவி, துடைத்து, கிரீஸ் வைக்கிறேன்.

வேலிகாத்தான் முள்ளுக்கு எந்த ஃபிரேமும் ஒன்றுதான். டியூபுக்குள் ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் ஊற்றிய பிறகுதான் நிம்மதியாக இருக்கிறேன்.

பொள்ளாச்சி:

எல்லோரும் இரும்பைச் சொல்வதால் நான் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் அலாய் எடுத்தேன், மாற்ற மாட்டேன். என் ஓட்டம் ஆழியாறிலிருந்து வால்பாறை, 40 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடு. ஃபிரேமில் குறைகிற முக்கால் கிலோ பெரிதா என்று கேட்கலாம், பெரிதில்லை. ஆனால் எனக்கு அந்த விலையில் நல்ல பிரேக்கும் சின்ன கியரும் அலாயில்தான் கிடைத்தது. இறக்கத்துக்குப் பிரேக் முக்கியம்.

சென்னிமலை:

பொள்ளாச்சிக்காரர் சொல்வது சரி. தார் ரோட்டில் மட்டும் ஏறி இறங்குகிறவருக்கு நான் இரும்பைச் சொல்ல மாட்டேன். வாய்க்கால் கரை, இட்டேரி, மழையில் உழுத காட்டு ஓரம் என்று போகிறவர்களுக்குத்தான் நான் எழுதியது. காடு என்று நான் சொல்வது நம்ம மானாவாரிக் காடு. சத்தியமங்கலம் பக்கம் வனத்துக்குள் அனுமதியில்லாமல் யாரும் வண்டியை விட வேண்டாம், அது யானை நடமாடும் இடம்.

தாராபுரம் அம்மணி எழுதியதைப் படித்த கையோடு என் போஸ்ட்டை உருவிப் பார்த்தேன். வந்துவிட்டது, ஆனால் கிரீஸ் காய்ந்திருந்தது. பெடல் பக்கம் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்குமே, அதுவும் செம்மண் அடைத்துக் கெட்டியாகிக் கிடந்தது. ஊக்கால் குத்தித் திறந்ததும் தேநீர் நிறத்தில் அரைத் தம்ளர் தண்ணீர் இறங்கியது. போன வாரம் மழையில் போனபோது சீட் வழியாக இறங்கியிருக்க வேண்டும். உங்கள் வண்டியையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்க.

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், அளவு எப்படிப் பார்ப்பது என்று. என் உயரம் 168 சென்டிமீட்டர், ஃபிரேம் 17 அங்குலம். செருப்பைக் கழற்றாமல் ஃபிரேமின் மேல் பாருக்கு மேலே இரண்டு பக்கமும் கால் ஊன்றி நில்லுங்க, உடம்புக்கும் பாருக்கும் நடுவில் மூன்று விரலாவது இடைவெளி வேண்டும். அதைவிட முக்கியம் நீளம். சீட்டில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்தால் முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நின்றால் அது உங்கள் வண்டி இல்லை, எவ்வளவு நல்ல குழாயாக இருந்தாலும் விட்டுவிடுங்க.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாய்க்கால் கரையில்தான் இருப்பேன். ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறவர்கள் முந்தின நாள் சொல்லிவிட்டு வாங்க. அலன் சாவியும் வெர்னியரும் எடுத்து வருகிறேன்.