‘இளவிலை’க்கு மாற்றாகக் ‘கன்றிலை’

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்தியப் பெருங்கடலில் மொரீசியசைச் சேர்ந்த ரோட்ரீக்ஸ் தீவின் கஃபே மரோன் செடியைப் பற்றிய குறிப்பில், அச்செடி கன்றாக இருக்கையில் விடும் இலைக்கு ‘இளவிலை’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. இள என்பதோடு விலை சேர்ந்தது போலவும் அச்சொல்லைப் படிக்க முடிகிறது என்பது சிறு குறைதான். பொருள் பிழைபடுவதே பெரிய குறை. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று தமிழில் நாம் அடுக்கும் பெயர்கள் யாவும் ஒரே இலையின் வயதைச் சொல்பவை; ‘இளவிலை’ என்றால் படிப்பவர் தளிரையே நினைப்பார். இங்கே இளமை இலைக்கு உரியதன்று, செடிக்கு உரியது.

காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டு, 1980இல் பள்ளி மாணவர் ஒருவரால் ஒற்றைச் செடியாக மீண்டும் கண்டறியப்பட்டது. 1986இல் அதன் போத்துகள் (நட்டு வளர்க்க வெட்டிய கிளைத்துண்டுகள்) லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குச் சென்றன. அவற்றில் வேர்விட்டது வெள்ளைப் பூக்களைப் பூத்தும் காய்க்காமலே நின்று, 2003இல்தான் விதை தந்தது. போத்தில் வளர்ந்த செடியின் இலைகள் பச்சையாக, நீள்வட்டமாக இருக்க, விதையில் முளைத்த கன்றுகளோ நீண்டு குறுகிய பழுப்பு நிற இலைகளை விட்டன. அத்தீவில் முன்பு வாழ்ந்து அற்றுப்போன பெரிய ஆமைகள் மேயாமல் தப்பவே இவ்வேடம் என்பது ஒரு கருதுகோள். கன்றின் அந்தப் பழுப்பு நிற இலை முற்றினாலும் உதிரும் வரை அதே வடிவில்தான் இருக்கும். முற்றிய இலையை ‘இளவிலை’ என்று எழுதுவது முரண் அல்லவா?

ஆகவே ‘கன்றிலை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மாங்கன்று, தென்னங்கன்று, வாழைக்கன்று என்று சென்னை நர்சரிகளில் நாள்தோறும் புழங்கும் சொல் இதில் அப்படியே நிற்கிறது, விளக்கம் தேவைப்படாது. ஒரே செடி கன்றாக இருக்கையில் ஒரு வடிவிலும் வளர்ந்தபின் வேறு வடிவிலும் இலை விடும் ஹெட்டிரோபிளாஸ்டி என்னும் நிகழ்வைக் ‘கன்றிலை வேறுபாடு’ எனலாம். ‘பருவ இலைமாற்றம்’ என்றால் மழை, கோடை என்று பொருள் திரியும்; ஓர் இலையே மற்றொன்றாக மாறுவதாகவும் தோன்றும். நீரின் உள்ளும் புறமும் வெவ்வேறு இலை விடும் நீர்த்தாவரங்களையும் உள்ளடக்கிய ஹெட்டிரோபில்லிக்கு (ஒரே செடியில் வெவ்வேறு வடிவ இலைகள் இருப்பதற்கு) ‘இலை வேறுபாடு’ என்ற பொதுச்சொல்லே போதும்.

கொடிக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். முல்லைக்கன்று என்று சொல்கிறோமே. நம் வீட்டுத் தொட்டியில் மணி பிளாண்ட் எத்தனை ஆண்டு வளர்ந்தாலும் சிறிய இலையையே விடுகிறது. அதே கொடி தெருவோர மரத்தில் உயர ஏறிவிட்டால் முறம்போல் அகன்று ஓரம் கிழிந்த இலைகளை விடுகிறது. தொட்டிக்கொடி வயதில் மூத்ததாயினும் அதில் இருப்பவை கன்றிலைகளே என்று தயங்காமல் எழுத முடிகிறது. ‘இளவிலை’ இந்த இடத்தில் கைகொடுக்காது.

வளர்ந்த செடியின் இலைக்குத் தனிச்சொல் வேண்டியதில்லை, ‘இலை’ என்றாலே போதும் என்பது என் கருத்து. தாவரவியல் பயிற்றுவிப்போர் இதில் மாறுபட்டால், காரணத்தோடு எழுத வேண்டுகிறேன்.